சின்னப் படகும் ஈயம் போன பெரிய படகும்

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கணவர் ரவி செய்த முதல் காரியம், ஜன்னலோரம் காலியாக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறி இடம் பிடித்ததுதான். எந்த இன்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவார். பஸ்ஸில் போர்டு படிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. பாண்டிச்சேரியிலிருந்து உட்கார்ந்தே வந்த அசதியில் நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

வயல் வந்தது, குளம் வந்தது, வாழைத்தோப்பு வந்தது. பிறகு பஸ் முக்கிக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை. கடற்கரைக்குப் போகிற பாதையில் இவ்வளவு குளிரடிக்காதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் இருந்த எஸ்டேட் தொழிலாளிப் பெண்ணிடம் குளச்சல் எப்போது வரும் என்று கேட்டேன்.

"குளச்சலா? இது கீரிப்பாறை வண்டில்லா! எதுக்காக்கும் குளச்சலுக்கு?"

"படகு வாங்க."

அவள் திரும்பிப் பின்சீட்டுக்காரர்களிடம், "எக்கா, இவிய படகு வாங்க மலைக்கு வந்திருக்காவ!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதே வண்டி திரும்பும்போது எங்களை ஓசியில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்தப் பெண் தன் பையிலிருந்து இரண்டு மட்டிப்பழம் எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் அந்த வாசனைக்கு எங்கள் ஊர் வாழைப்பழம் எதுவும் கிட்டே நிற்க முடியாது. ரவியிடம் நான் பேசவில்லை. பழம் சாப்பிட்ட பிறகு கோபம் கொஞ்சம் இறங்கியது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரியில் நாங்கள் பாய்மரப் படகில் ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறோம். படகு எங்களுடையதல்ல. அதன் சொந்தக்காரரான பிரெஞ்சுக்காரர் ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவுசெய்து அதை விற்றுவிட்டார். சீசன் தொடங்குவதற்குள் வேறு படகு கிடைக்காவிட்டால் ரவி தன் அண்ணனின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும், நான் அங்கே பில் போட வேண்டும். அண்ணன் நல்லவர், எனக்கு மேசைகூடப் போட்டு வைத்துவிட்டார். இருபது வயதில் அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்க்கப் போய், பாய் விரிக்கக் கற்றுக்கொண்டு, அப்படியே கடலோடு ஒட்டிக்கொண்டவள் நான். என்னைக் குளியலறைக் கற்களுக்கு நடுவில் உட்கார வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

மிக்கேலிடம் இரண்டு படகுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம். மிக்கேலின் ஊர் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஒரு மீனவ கிராமம். துபாயில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரர்கள் கொச்சியில் கட்டிப்போட்டுவிட்டுத் திரும்பி வராமலே போன இரண்டு பழைய பாய்மரப் படகுகளை ஏலத்தில் எடுத்திருந்தார். உள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, மாதக்கணக்கில் கடல் கடந்து போகிற வகை. ஒன்று இருபத்தேழு அடி, மற்றது முப்பத்தாறு அடி. இரண்டில் ஒன்றுக்குத்தான் எங்கள் கை எட்டும்.

மலையிலிருந்து இறங்கிக் கடலைச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மிக்கேல் நாற்பது வயதுக்காரர், துபாய் வெயில் முகத்தில் அப்படியே இருந்தது. போன வாரம்தான் துபாயிலிருந்து ஊர் திரும்பியிருக்கிறார். அவர் மனைவி ஆக்னஸ் எங்களைப் பார்த்ததும், "வாருங்க, வாருங்க. ஏன் இம்புடு நேரம்? வண்டி கெட்டுப் போச்சா?" என்றாள். ரவி தலைகுனிந்து செருப்பைக் கழற்றினார்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பாடு. தேங்காயும் மிளகாயும் மையாய் அரைத்து, குடம்புளி போட்டு, சிவப்பாக ஒரு கறி. எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தண்ணியாக ஓட வேண்டும், இங்கே அது கிழங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் மூன்று தரம் வாங்கினேன். மிக்கேல் சாப்பிடவே இல்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவும்போது ஆக்னஸ் என்னிடம் மெதுவாக, "ஒண்ணு வெல போனாலும் போதும் எக்கா. பின்ன இவரு துபாய்க்குப் போவாண்டாம்" என்றாள்.

மறுநாள் சின்னப் படகு. அதை மிக்கேல் ஊர் திரும்பும் வழியில் கொச்சியிலிருந்து தானே ஓட்டிவந்து குளச்சலில் நங்கூரம் போட்டிருந்தார். பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. மேல்தட்டு வெயிலில் வெளிறியிருந்தது, மெத்தைகளில் பூஞ்சை வாடை. உள்ளே நான் நிமிர்ந்து நின்றேன். ரவி நிமிர்ந்ததும் 'டொம்' என்று ஒரு சத்தம். பிறகு அன்று முழுவதும் அதே சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒற்றை அடுப்பு, கதவில்லாத கழிப்பறை, நான்கு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

ஆனால் பாயை ஏற்றியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழட்டுக் குதிரை என்று நினைத்து ஏறினால் அது காதை விடைத்துக்கொண்டு ஓடுகிறது! அடிப்பகுதி தடிமனாக, கனத்துக்காக இரும்பை உள்ளேயே வைத்துக் கட்டப்பட்ட படகு. அலையை வெட்டவில்லை, மேலே ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து போனது. பாய்களை யாரோ பொறுமையாக ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். இன்ஜின் மட்டும் செத்துக் கிடந்தது. அதில் மூக்கை நுழைத்த ரவி, டீசல் வாடையும் ஆட்டமும் சேர்ந்து குமட்ட, வெளியே வந்து கடலுக்குக் காலைச் சாப்பாட்டைப் படைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜின் பிழைச்சிரும்" என்றார். அவர் இன்ஜினைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்.

கரைக்கு வந்து பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். சின்னது நம்பகமானது. நாங்கள் இரண்டு பேர் உலகம் சுற்றக் கிளம்பினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அதில் நான்கு பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. நான்கு பேரை ஏற்றினால் படகு பிழைக்கும், நாங்கள் பிழைக்க மாட்டோம். ரவி பாதி நாள் அண்ணன் கடைக்குப் போக வேண்டியிருக்கும். இப்படிப் பாதிநாள் போகிறவர்கள் எங்கே போய் முடிவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பெரிய படகைப் பார்க்கப் போனோம். அதை மழைக்கு முன்னாலேயே கொண்டுவந்து ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு, தன் அண்ணன் சூசையிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மிக்கேல் துபாய் போயிருக்கிறார். ஆனி ஆடியில் இந்தக் கடல் எப்படி எழும்பும் என்று தெரிந்தவர்கள்தானே, ஊர்க்காரர்கள் அதைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். ஃபைபர் வள்ளங்களுக்கு நடுவில், சுற்றிலும் மணல் அணைத்து, மேலே ஓலைப்பந்தல் போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் நீலப் பெயின்டில் 'சகாய மாதா துணை' என்று எழுதியிருந்தார்கள்.

ஏணி வைத்து ஏறினேன். உள்ளே போனோம். ரவி நிமிர்ந்து நின்றார், சத்தமே வரவில்லை. ஆறு பேர் உட்காரும் மேசை, மூன்று அடுப்பு, கதவு வைத்த கழிப்பறை, பத்துப் பேர் கால் நீட்டி உட்காரக்கூடிய மேல்தட்டு. பாண்டிச்சேரியில் காலை வெயிலில் இதில் ஆட்கள் ஏறுவதை மனசில் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு என்ன டிபன் கொடுப்பது என்பது வரை போய்விட்டேன். விலையும் சின்னதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

பழைய படகு பார்க்கும்போது தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்காமல் வரக்கூடாது. படகின் அடியில் கத்திபோல இறங்குகிற கனமான பகுதியைக் கீல் என்போம். பாய்மரப் படகுக்கு அதுதான் உயிர். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உள்ளே, தரைக்கு அடியில் இருக்கும். நான் பலகையைத் தூக்கினேன். போல்ட் இல்லை. போல்ட் இருக்க வேண்டிய ஒவ்வொரு ஓட்டையிலும் அழகாகச் சீவிய ஒரு மர முளை அடித்து, தார் பூசியிருந்தது.

வெளியே தலையை நீட்டி, "இங்கே இருந்த போல்ட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

கீழே நின்ற சூசை பெருமையோடு, "கழத்தியாச்சு" என்றார்.

மிக்கேலின் முகம் வெளுத்தது. "அப்போ கீலு? பள்ளம் தோண்டில்லா எறக்கி வச்சிருக்கியன்னு நெனச்சேன்!" மண்வெட்டியைப் பிடுங்கி மணலைத் தோண்ட ஆரம்பித்தார். நானும் ரவியும் கையால் அள்ளினோம். படகின் அடி வந்தது, வழவழவென்று, வழித்தெடுத்த இட்லிச் சட்டி மாதிரி. அதற்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே இன்னும் மணல்.

சூசை நிதானமாக நடந்ததைச் சொன்னார். "ஆனி மாசக் காத்துல நங்கூரக் கயிறு அறுந்து படகு கரைக்கு வந்து சரிஞ்சு கெடந்துது. அடியில உள்ளது மணல்ல ஊணிப் போச்சு. ஊரே வடம் பிடிச்சும் அனங்கல்ல. அலை வந்து வந்து அடிக்குது. இன்னும் ரெண்டு நாளு கெடந்தா வெறவாக்கும். நான் உள்ள எறங்கிப் பாத்தேன், நட்டு இருந்துது, கழத்துனேன். படகு கோழித்தூவல் மாதிரி மேல வந்துச்சு."

"அடியில இருந்தது எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது முழுசும் ஈயமில்லா? கடல் அமந்த பொறவு இழுத்துக் கரைக்குக் கொண்டு வந்தோம். பங்கு வச்சாச்சு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஆக்னஸ்தான் விளக்கினாள். இந்தக் கரையில் கரைமடி வலை இழுத்தாலும் சரி, எதை இழுத்தாலும் சரி, வடத்தில் கை வைத்தவனுக்கெல்லாம் ஒரு பங்கு உண்டு. கோயிலுக்கு ஒரு பங்கு. கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு. ஈயத்தைக் கோடாலியும் உளியும் வைத்து வெட்டி, தராசில் நிறுத்து, ஒரு குறையும் இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். வலைக்குக் குண்டு கட்ட ஈயம் வேண்டும், அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த வருஷம் ஊர் வலைகள் எல்லாவற்றிலும் மிக்கேலின் கீல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல, ஒனக்குள்ள பங்கும் ஆக்னஸ் கையில குடுத்தாச்சு" என்றார் சூசை.

"அது நம்ம கீலுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஆக்னஸ், மிக்கேலின் முகத்தைப் பார்க்காமல்.

நான் கத்திவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் நன்றாகவே கத்தினேன். கீல் இல்லாவிட்டால் இது படகே இல்லை, பாயை ஏற்றிய நிமிஷத்தில் கவிழ்ந்துவிடும், ஒருவரிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று. கூட்டம் கூடிவிட்டது. மீன் ஏலம் எடுக்க வந்தவர்கள்கூட ஏலத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

சூசை கோபப்படவில்லை. "எக்கா, ஒண்ணு கேக்கேன். மெதக்கணும்னு செய்த ஒரு சாதனத்துக்கு அடியில எவனாவது ஈயத்தக் கெட்டுவானா? எங்க வள்ளத்துல பாருங்க, அடியில என்ன இருக்கு? நாங்க டெய்லி கரையேத்தணும். கரையேறாத படகு ஊருக்கு ஆகாது. வெள்ளக்கார சாயிப்பு எதையோ ஒளிச்சுக் கொண்டு வந்திருக்கான்னுதான் நாங்க நெனச்சோம்."

நியாயமாகத்தான் இருந்தது. அவர் கழற்றாமல் இருந்திருந்தால் நான் பார்க்க வந்திருப்பது விறகுக் கட்டுதான். என் கோபம் காற்றுப் போன பாய் மாதிரி தொங்கிவிட்டது. ஒரு பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி மூடி, மீன் கழுவ வைத்திருந்த தொட்டியில் போட்டேன். அது மிதந்து உருண்டது. பிறகு ஒருவரிடமிருந்து சின்ன ஈயக்குண்டு ஒன்றை வாங்கி அதன் வயிற்றில் கட்டிப் போட்டேன். இப்போது தட்டினாலும் புரட்டினாலும், தலையாட்டிப் பொம்மை மாதிரி திரும்பத் திரும்ப அதே பக்கமாக வந்து நின்றது. ஆளாளுக்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்கள்.

"அப்படி ஒரு காரியம் உண்டுன்னா மேல எழுதிப் போட்டிருக்கணும்" என்றார் சூசை. குரல் தணிந்திருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பில் அலுமினியச் சட்டியோடு மீன் விற்கிற ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம், "முழுசாட்டு கவுந்தாலும் நிமிருமா மக்கா?" என்று கேட்டாள்.

"உள்ளே தண்ணீர் ஏறாமல் இருந்தால் நிமிர்ந்துவிடும்மா."

அவள் சட்டியோடு நடந்துபோய்விட்டாள். சந்தைக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன்.

பந்தல் நிழலில் உட்கார்ந்தோம். ரவி சின்னதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சு. ஈயத்தைப் புதிதாக வாங்கிக் கீல் வார்க்க எங்களால் முடியாது, மிக்கேலாலும் முடியாது. ஊர்க்காரர்களிடம் கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்க மிக்கேலுக்கு வாய் வரவில்லை, ஆனிக் காற்றில் வடம் பிடித்தவர்கள் அவர்கள். ஆக்னஸ் கொண்டுவந்த கருப்பட்டிச் சாயா என் கையிலேயே ஆறிப்போனது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்த அந்த மேல்தட்டை நான் பார்த்துவிட்டேனே, அதுதான் தப்பு. சரி, சின்னதே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அந்த மீன்காரப் பெண் திரும்பி வந்தாள். தலையில் அதே சட்டி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ரவி ஓடிப்போய் இறக்க உதவினார். சட்டியில் சதுரமாக வெட்டிய ஒரு ஈயக்கட்டி இருந்தது.

"இத வச்சுக்கிடுங்க. எனக்கு எந்த வலையில கெட்ட? கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருந்தேன்."

ஆக்னஸ் என் காதருகே சொன்னாள். பெயர் பிலோமி. கடலுக்குப் போக ஆள் இல்லாத வீடு. சில வருஷங்களுக்கு முன் ஒரு விடியலில் அவள் கணவரின் வள்ளம் கவிழ்ந்தது. வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

பிலோமி படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இதுல ஏறுற வழி எது?" என்றாள். நான் ஏணியைக் காட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். இந்தக் கரையில் பெண்கள் மீனை வாங்குவார்கள், சுமப்பார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பார்கள். வள்ளத்தில் கால் வைப்பதில்லை. சூசை, "பிலோமி, என்ன சோலி இது, எறங்கு" என்றார். அவள் காதில் வாங்கவே இல்லை.

நானும் பின்னால் ஏறினேன். சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கடலோரத்தில் இருந்தும் இந்த உயரத்திலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை.

"நீங்க பொம்பளதானே, கடலுக்குப் போறியளா?"

"இருபது வருஷமாப் போறேன்."

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க குழிக்குப் போயி பூவும் மெழுகுதிரியும் வைப்பாங்க மக்கா. எனக்கு எங்க வைக்கியதுன்னு தெரியாது. இஞ்ச கரையில நிப்பேன், பூவ அலையில போடுவேன். அலை அதத் திருப்பி எங் காலுக்கே கொண்டு வந்து போட்டிரும்." கையை நீட்டித் தூரத்தில் ஒரு பாறையைக் காட்டினாள். "அதுக்கு அங்கோட்டுத்தான். ஒருக்க என்னக் கொண்டு போவியளா?"

கொண்டுபோவதாகத் தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்து, கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஏலத்தில் விலை கேட்கிற அதே சத்தமான குரலில் கேட்டாள். "சூசை அண்ணே, கல்லறைத் திருநாளுக்கு முன்ன இதக் கடல் வெள்ளத்துல எறக்கிருவியளா?"

மிக்கேல் அண்ணனைப் பார்த்தார். சூசை பந்தலின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து, மேலே நிற்கிற பிலோமியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் வள்ளத்துக்குப் போனார். காய்ந்துகொண்டிருந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இடுப்புக் கத்தியை எடுத்து, முதல் ஈயக்குண்டை அறுத்தார்.